ராத்திரி ஒரு மணிக்கு எழுந்திருப்பது யார்?

காரைக்குடியிலிருந்து 14 கிலோமீட்டரில் உள்ள ஓர் ஊரிலிருந்து 62 வயது வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 67 வயது, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர். வாசகிக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை, இடது முழங்காலில் தேய்மானம். மகன் சிங்கப்பூரில், மகள் திருச்சியில். காலமான தங்கையின் ஒரே மகள், பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்ததும் அழவில்லை. மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்பட்டு 31 நாள் தீவிரச் சிகிச்சையில் இருந்தது. இப்போது நான்கு மாதம், 4.6 கிலோ. மூக்கு வழியாக டியூப்பில் பால், வலிப்புக்கு இரண்டு மருந்து, சளியை எடுக்க சக்‌ஷன் மெஷின். தேவகோட்டையில் தந்தையின் அம்மாதான் பார்த்துவந்தார், அவரால் முடியவில்லை. நிமோனியா வந்து குழந்தை இப்போது மதுரையில் வார்டில் இருக்கிறது. தந்தைக்கு 29 வயது, மலேசியாவில் வேலை, 24 நாளில் திரும்ப வேண்டும். "என்னால் ஆகாது, ஹோமில் விட்டுவிடலாம்" என்கிறாராம்.

"நான் அவளுக்கு ஆயா (பாட்டி) முறை. எங்கள் வீட்டில் பத்து அறை சும்மா கிடக்கிறது. பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வளர்க்கலாமா? வயதைக் காட்டி யாராவது தடுப்பார்களா? நன்றாகக் கவனித்தால் இரண்டு மூன்று வருடத்தில் மற்ற பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுவாள்தானே? ஸ்டெம் செல் என்று சொல்கிறார்களே, நகையை விற்றாவது செய்யலாமா?" இவை அவர் கேள்விகள்.

ஆச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அறை, பணம், நகை, தங்கைக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி பால் வேண்டும். 4.6 கிலோவுக்கு 690 மில்லி. மூன்று மணிக்கு ஒரு தரம், எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 85 மில்லி சொச்சம். சரியான அளவை மருத்துவர் சொல்வார், இது உங்களுக்குக் கணக்குப் புரிவதற்காக. ராத்திரி பத்து, ஒன்று, நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூப் இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்க ஐந்து நிமிடம், பால் மெல்ல இறங்க இருபது முப்பது நிமிடம், பிறகு அரை மணி நேரம் தலையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும், சிரிஞ்சைக் கழுவ வேண்டும். ஒரு வேளைக்கு ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். மிச்சமிருக்கும் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில், இடையில் சளி கரகரக்காமல் இருந்தால், நீங்கள் தூங்கலாம். இது ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில். சர்க்கரை உள்ளவருக்கு இந்தத் தூக்கம் போதாது. தூக்கம் கெட்டவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: மருந்து இரண்டு தரம் போய்விடும், அல்லது டியூப்பைச் சோதிக்காமல் பாலை ஊற்றிவிடுவார்கள்.

அதனால் என் நிபந்தனை இரண்டு. ராத்திரிக்கு, இந்த வேலை எல்லாம் கற்ற இன்னொரு ஜோடிக் கை வேண்டும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் தரும் ஒரு காகிதம் வேண்டும். இரண்டும் கைக்கு வந்தபின் குழந்தை உங்கள் நிலைப்படியைத் தாண்டட்டும். உங்கள் கணவரை அந்த இரண்டாவது கையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பகலில் அவர் பெரிய துணை. ராத்திரிக்குச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள், பத்து மணி முதல் ஆறு மணி வரை. நகையை விற்பதென்று முடிவு செய்துவிட்டால், விற்க வேண்டியது இதற்குத்தான்.

சட்டத்தில் எந்த வழி திறந்திருக்கிறது

பத்திரத்தில் எழுதி வாங்குவது செல்லாது. எத்தனை ரூபாய் முத்திரைத்தாள் என்றாலும், நோட்டரி கையெழுத்து இருந்தாலும், ஒரு குழந்தையைப் பத்திரத்தின் மேல் கைமாற்ற முடியாது. தந்தைதான் இயற்கைக் காப்பாளர், நாளைக்கே அவர் வந்து கேட்டால் அந்தப் பத்திரம் உங்களைக் காப்பாற்றாது.

நம் பக்கத்தில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, பழகிய வழக்கம் என்பதால் அந்த எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மகள் இருப்பவர் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. உங்களுக்கு மகள் இருக்கிறார், ஆக அந்த வழி அடைபட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்தெடுக்கலாம், வயது வரம்பும் அங்கே கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் உறவினர் என்று சொல்வது சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, நேர் தாத்தா பாட்டி ஆகியோரைத்தான். தாயின் பெரியம்மா அந்தப் பட்டியலில் இல்லை. உறவல்லாதவராக விண்ணப்பித்தால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85க்குள் வர வேண்டும். உங்களுடையது 129. தற்காலிக வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடும் பொதுவாக ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே, அதற்கும் வயது வரம்பு உண்டு.

இத்தனை கதவும் மூடியிருக்கிறதே என்று கலங்க வேண்டாம். அதே சட்டத்தின் 37ஆவது பிரிவில், பராமரிப்புத் தேவைப்படும் குழந்தையைத் 'தகுதியான நபர்' ஒருவரிடம் ஒப்படைக்கக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பிரிவு வயது வரம்பு எதையும் சொல்லவில்லை. குழு விசாரிக்கும், உங்கள் வீட்டுக்கு ஆள் வந்து பார்த்து அறிக்கை எழுதும், உங்கள் உடல்நிலையையும் கேட்கும். மறைக்காமல் சொல்லுங்கள். சிவகங்கையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலில் பேசுங்கள். எண் தெரியாவிட்டால் 1098க்கு அழைத்தால் இணைத்துவிடுவார்கள். தந்தை ஊரில் இருக்கும்போதே அவர் குழுவின் முன் நேரில் வந்து சம்மதத்தைச் சொல்லிவிட வேண்டும். 24 நாள் என்பது இந்த ஒரு காரியத்துக்கே இறுக்கமான அவகாசம்.

கூடவே, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராக நியமிக்கக் கேட்கும் வழியும் உண்டு. தந்தை உயிரோடு இருக்கும்போது இன்னொருவரை நியமிக்க நீதிமன்றம் யோசிக்கும் என்பதால் அவருடைய பிரமாண வாக்குமூலம் முக்கியம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், தொலைபேசி 15100. இது முடிய மாதங்கள் ஆகும். அதுவரை, சிகிச்சை முடிவுகளை எடுக்க உங்களுக்கு அனுமதி தருவதாகத் தந்தையிடம் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய ஆதார், பாஸ்போர்ட் நகல், மலேசிய எண் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் காப்பாளர் உரிமை தராது. ஆனால் நடு ராத்திரியில் டூட்டி டாக்டர் யாரிடம் பேசுவது என்று தடுமாறாமல் இருக்க உதவும்.

"அவனிடம் ஒரு காசு வாங்க மாட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் ரோஷம், புரிகிறது. ஆனால் அந்தப் பணம் உங்களுக்கு உரியதே இல்லை, குழந்தைக்குரியது. தந்தை ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவர். மாதாமாதம் ஒரு தொகை குழந்தைக்கென்று வந்தால் ராத்திரி ஆளின் சம்பளத்தில் பாதியாவது நிற்கும். அவரைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். மனைவியைப் பறிகொடுத்த மனிதர் பயத்தில் பேசுகிறார். வாரம் ஒரு வீடியோ கால் வழக்கமாகட்டும்.

'ஹோம்' என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் கொதித்துப்போனது தெரிகிறது. தந்தை குழந்தையைக் குழுவிடம் முறையாக ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் உண்டு. அதன்பின் சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தையாக அவளைத் தத்தெடுக்க இளம் தம்பதி முன்வரவும் வாய்ப்பிருக்கிறது. அதை வெறும் கைவிடலாகப் பார்க்காதீர்கள். ராத்திரிக்கு ஆள் கிடைக்கவே இல்லை என்றால், அந்த வழியை நீங்கள் நேர்மையாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

குழந்தை எப்படி இருப்பாள்

பிறக்கும்போது ஏற்பட்ட மூளைப் பாதிப்பு இனிமேல் வளராது. ஆனால் அதன் விளைவு வயது ஏற ஏறத்தான் வெளியே தெரியும். இப்போது துவண்டு கிடப்பவள், சில மாதத்தில் கை கால் விறைக்க ஆரம்பிக்கலாம். அப்போது "நோய் முற்றிவிட்டது" என்று பதறாதீர்கள், இதே பாதிப்பு இன்னொரு உருவத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மூளையின் ஆழப்பகுதி, பேசல் கேங்லியா, தாலமஸ் என்ற சொற்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, விழுங்க வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மூன்று வருடத்தில் மற்ற பிள்ளைகளைப் போல ஓடுவாள் என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. முகத்தைப் பார்த்துச் சிரிப்பது, குரலைக் கேட்டு அடங்குவது, கொஞ்சம் ருசித்து விழுங்குவது, தாங்கு நாற்காலியில் உட்கார்வது போன்றவை நடக்கக்கூடியவை. அதற்குத்தான் பயிற்சி. கேட்பதையும் பார்ப்பதையும் இப்போதே பரிசோதியுங்கள். இந்தப் பாதிப்பில் கண் நன்றாக இருந்தும் மூளை பார்வையை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது உண்டு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை ஓர் அடி தூரத்தில் மெல்ல நகர்த்துவது போன்ற எளிய பயிற்சிகள் உதவும்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். பிசியோதெரபி, விழுங்கும் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். ஸ்டெம் செல் வேண்டாம். மூளைப் பாதிப்புக்கு அதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இடம் தரவில்லை. ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்பவர் செய்வது தவறு.

கடினமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விழுங்க முடியாத, தலை நிற்காத குழந்தைகளுக்கு நிமோனியா திரும்பத் திரும்ப வரும். அவர்களில் சிலர் அதிக வருடம் இருப்பதில்லை. அடுத்த முறை மூச்சு மோசமானால் வென்டிலேட்டர் வரை போவதா என்பதை வார்டு மருத்துவருடன் தந்தையும் நீங்களும் உட்கார்ந்து, நிதானமான ஒரு பகல் வேளையில் பேசி எழுதி வையுங்கள். அதைப் பேசுவது அபசகுனம் இல்லை.

டிஸ்சார்ஜுக்கு முன் பத்து நாள்

குழந்தை மதுரையில் வார்டில் இருப்பது உங்களுக்கு வாய்த்த நல்ல சந்தர்ப்பம். நீங்களும் ராத்திரி ஆளும் அங்கே போய்த் தங்குங்கள். நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, உதவி இல்லாமல் இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்து காட்டிய பிறகே டிஸ்சார்ஜ் கேளுங்கள்.

டியூப்பை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சு எலும்பின் முனைக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரை அளந்த நீளம்தான் உள்ளே போக வேண்டும். மூக்கருகே டியூப்பில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஒவ்வொரு பாலுக்கும் முன் கோடு நகர்ந்திருக்கிறதா பாருங்கள், பிறகு சிரிஞ்சால் சிறிது இழுத்து அந்த நீரை, அமில அளவைக் காட்டும் பி.எச். தாளில் வையுங்கள். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் இரைப்பை. அதற்கு மேல் காட்டினால் பால் கொடுக்காதீர்கள். சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள், அப்போதும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்பதை மட்டும் நம்ப முடியாது, நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். அசிடிட்டி மருந்து எடுக்கும் குழந்தைக்குத் தாளின் எண் மாறிக் காட்டும், எனவே அப்படி மருந்து உண்டா என்று கேட்டுவிடுங்கள். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டுப் பாலை ஊற்றி அதன் போக்கில் இறங்க விடுங்கள். அமுக்கித் தள்ளினால் வாந்தி, வாந்தி மூச்சுக்குழலில் போனால் மறுபடி நிமோனியா. கடைசியில் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு மில்லி விடாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். மூக்கு டியூப் இன்னும் நெடுநாள் நீடிக்கும்போல் இருந்தால், வயிற்றில் நேரடியாக டியூப் வைப்பதைப் பற்றி அவர்களே பேசுவார்கள். பயப்பட வேண்டாம், வீட்டில் அதைக் கையாள்வது இதைவிட எளிது.

சக்‌ஷன் மெஷினின் அழுத்தம் 80 முதல் 100க்குள் (mmHg அளவில்), ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். வாய்க்கு அப்பால் தொண்டைக்குள் குழாயை விடாதீர்கள். பால் கொடுத்த கையோடும் சளி எடுக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் போகிறதல்லவா? பேட்டரி உள்ள மெஷினை வாங்குங்கள், காலால் மிதிக்கும் மெஷின் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும்.

வலிப்பு மருந்தைக் கரண்டியில் அளக்கக் கூடாது, வாய்வழிச் சிரிஞ்சில் அளங்கள். ஒரே மருந்து வெவ்வேறு வலிமையில் வருகிறது. கடைக்காரர் வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பழைய பாட்டிலோடு ஒப்பிடுங்கள். இதில் நடக்கும் பிசகு மிக அதிகம். ஒரு பாட்டில் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும், திடீரென்று நின்றால் வலிப்பு பலமாகத் திரும்பும். எடை ஏறினால் அளவும் மாற வேண்டும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 108. இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வேறொரு வகை வலிப்பு வரக்கூடும். தூங்கி எழுந்ததும் தலை குனிந்து, கை இரண்டும் விரிந்து, ஒரு விநாடி குலுங்கி விடும். சில விநாடியில் மறுபடி, இப்படி வரிசையாகப் பத்து இருபது தடவை. வீட்டில் "பயந்துட்டா", "வயிறு வலிக்குது" என்று விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நாள் தாமதமும் மூளையைப் பாதிக்கும். போனில் வீடியோ எடுத்து அன்றே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

உங்கள் கை பல பிள்ளைகளை வளர்த்த கை. ஆனால் இந்தக் குழந்தைக்குச் சிலவற்றை நிறுத்தியே ஆக வேண்டும். பாலாடையிலோ சங்கிலோ ஒரு சொட்டுகூட வாயில் விடாதீர்கள், விழுங்கும் பரிசோதனை முடிந்து அவர்கள் அனுமதிக்கும்வரை. உரை மருந்து, வசம்பு, தேன், கிரைப் வாட்டர் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது, தொக்கம் எடுப்பது, உரம் எடுக்கிறேன் என்று துணியில் போட்டு உருட்டுவது ஒன்றும் கூடாது. தூளியில் கழுத்து மடங்கி மூச்சு அடைபடும், பால் கொடுத்தபின் நிச்சயம் வேண்டாம். கெட்டியான மெத்தையில் மல்லாந்து தூங்கட்டும். உடம்புக்கு மெல்ல எண்ணெய் தடவுவது நல்லது, தாராளமாகச் செய்யுங்கள், பாட்டுப் பாடிக்கொண்டே செய்யுங்கள். தடுப்பூசிகளை "வலிப்புக் குழந்தையாச்சே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து அறை வீடு

முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் வேண்டாம் என்பதே என் யோசனை. காரைக்குடியில், ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிடத்தில், தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுங்கள். டியூப் கழன்றுவிட்டால் 14 கிலோமீட்டர் போவதும் தெருமுனைக்குப் போவதும் ஒன்றா?

பிறகு ஊருக்குப் போகும்போது, முன்கட்டில் தெருவைப் பார்த்த அறையைக் கொடுங்கள். ஸ்ட்ரெச்சர் வந்து போக வேண்டும். பால் கலக்கப் பின்கட்டுச் சமையலறைக்கு நடக்காதபடி அதே அறையில் ஒரு மேசை, கெட்டில், கழுவ ஒரு தொட்டி. உயர்ந்த நிலைப்படிகளில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி ஏறி இறங்குவதுதான் உங்கள் முழங்காலுக்கு எதிரி, மரச் சரிவு அடித்துப் போடச் சொல்லுங்கள். ஆத்தங்குடி கல் ஈரமானால் வழுக்கும், முற்றத்து ஓரம் ரப்பர் விரிப்பு வேண்டும். அந்தத் தடித்த சுவருக்குள் போன் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

பண உதவி: அதிகப் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசின் பராமரிப்புத் தொகை மாதம் ₹2,000. மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் அடங்கும். இரண்டுக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவாரா என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி. அவளுக்குப் பத்து வயதாகும்போது உங்களுக்கு 72, அவருக்கு 77. அப்போது அவள் இருபது கிலோவைத் தாண்டியிருப்பாள், தூக்கியே ஆக வேண்டும். உங்களுக்கு முடியாத நாளில் யார்? திருச்சி மகள் பொறுப்பேற்பார் என்று நீங்களாக நினைத்துக்கொண்டிருப்பதுபோல் கடிதத்தில் தெரிகிறது. குழந்தைகள் நலக் குழுவும் இதைக் கேட்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் மாப்பிள்ளையையும் மதுரை வார்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு வேளைப் பால் கொடுப்பதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கட்டும், பிறகு கேளுங்கள். அவர்கள் முடியாது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை அப்படியே குழுவிடம் சொல்லி, வேறு யார் என்று அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். திங்கட்கிழமை காலை முதல் போன் 1098க்கு.